மையலின் கட்டும் செல்களை வளர்த்த அனுபவம்

நோய் எதிர்ப்பு அமைப்பே நரம்புகளின் மையலின் உறையைத் தாக்கி அழிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் தோல் செல்களிலிருந்து உருவாக்கிய ஐபிஎஸ் ஸ்டெம் செல்களை (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியவை) ஒலிகோடென்ட்ரோசைட் முன்னோடி செல்களாக மாற்றுவதுதான் ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த வேலை. முன்னோடிகள் முதிர்ந்து வரும் ஒலிகோடென்ட்ரோசைட் என்ற கிளியா (நரம்பு செல்லுக்குத் துணையான) செல் வகைதான் நரம்பிழையைச் சுற்றி மையலின் என்ற காப்புறையைக் கட்டுகிறது. உறை அழிந்த இடத்தில் இவற்றை வைத்துத் திரும்பக் கட்டலாம் என்பதே எதிர்பார்ப்பு.

நியூயார்க் ஸ்டெம் செல் பவுண்டேஷனில் டூவாராஸ், ஃபொஸ்ஸாட்டி குழுவினர் 2014-இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றினோம். 75 நாள் ஆகும். அதற்கு முந்தைய முறைகள் நூறு நாளையும் தாண்டும்.

முதல் 12 நாளில் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. ரெட்டினாயிக் அமிலமும் இரண்டு தடுப்பு மூலக்கூறுகளும் செல்லை நரம்புப் பாதைக்குத் திருப்பும். எட்டாம் நாளிலிருந்து சேர்க்கும் எஸ்ஏஜி என்ற சிறு மூலக்கூறு, ஒலிகோடென்ட்ரோசைட் பாதைக்கு அடையாளமான ஒலிக்2 புரதத்தை வரவழைக்கும். பன்னிரண்டாம் நாள் பிளேட்டின் ஒரு கிணற்றையாவது (செல் வளரும் குழி) நிறமேற்றி ஒலிக்2 பாருங்கள். குறைவாக இருந்தால் அந்த பேட்ச்சைத் தொடர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் செல்கள் உருண்டைகளாக மிதக்கும். முப்பதாம் நாள் லாமினின் என்ற ஒட்டவைக்கும் புரதம் பூசிய பிளேட்டில் அவற்றை இறக்க வேண்டும். இந்த வேலை முழுக்க கண்ணை நம்பியது. வட்டமாக, பொன்பழுப்பாக, நடுவில் இருண்டிருப்பவை நல்லவை. கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிபவற்றை விட்டுவிட வேண்டும். நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். எங்கள் குழுவின் மூத்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "இது வேண்டாம்மா, அதை எடு" என்று சொல்லித்தான் எனக்குப் பிடிபட்டது.

மிச்ச வாரங்கள் பொறுமையைச் சோதிக்கும். உருண்டையிலிருந்து நியூரான்களும் ஆஸ்ட்ரோசைட் என்ற வேறு கிளியா செல்களும் வந்துகொண்டே இருக்கும், நமக்கு வேண்டியது மட்டும் கண்ணில் படாது. மனிதக் கருவிலும் இவை நியூரான்களுக்குப் பின்னால்தான் உருவாகின்றன. அதனால் மீடியத்தை மாற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும். மீடியத்தைச் செல் மேல் நேரே ஊற்றாமல் கிணற்றின் சுவர் வழியாக விடுங்கள். இல்லையென்றால் பல வாரம் வளர்ந்த செல் அடுக்கு மொத்தமாக உரிந்து வந்துவிடும்.

நமக்கு வேண்டிய செல்களை அடையாளம் காட்டும் ஓ4 நிறமேற்றத்தை உயிருள்ள செல்களிலேயே செய்யலாம். எங்கள் பிளேட்டில் பல கிளைகளோடு அவை பச்சையாக ஒளிர்ந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தச் செல்கள் வந்த டியூபின் எண்ணுக்குப் பின்னால், தொடக்கத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் முதன்மை முன்னேறும் வகை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள ஒருவர் இருக்கிறார். அந்த வகைக்கென அமெரிக்காவில் முதல் மருந்து அனுமதி பெற்றதே 2017-இல்தான்.

ஓ4 செல்களைப் பிரித்தெடுக்கும் படியைத் தவிர்க்காதீர்கள். மாறாத ஸ்டெம் செல் கொஞ்சம் தங்கினாலும் கட்டி வரக்கூடும். பிரித்த செல்களை ஷிவரர் எலிக் குட்டிகளின் மூளையில் செலுத்துவார்கள். இந்த எலியால் எம்பிபி என்ற மையலின் புரதத்தை உருவாக்க முடியாது. ஆகவே பின்னர் அங்கே எம்பிபி தெரிந்தால் அது மனித செல் கட்டிய உறைதான். ராச்செஸ்டரில் கோல்ட்மேன் குழு 2013-இல் ஐபிஎஸ் வழி செல்களால் இதைக் காட்டியது. எலிகளின் ஆயுளும் கூடியது. எங்கள் செல்களும் இப்போது அந்தக் கட்டத்துக்குப் போயிருக்கின்றன.