மேகமலை: எந்த மாதம் போனால் எது கண்ணில் படும்

மதுரையிலிருந்து மேகமலைக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மே மாத லீவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வெயிலுக்குத் தப்ப வேண்டுமானால் சரி. காட்டுயிர்களைப் பார்க்க அதைவிட மோசமான மாதம் இல்லை. வலசை வந்த பறவைகளில் பெரும்பாலானவை ஏப்ரலுக்குள் வடக்கே திரும்பியிருக்கும். வண்டிச் சத்தத்தில் காட்டுமாடும் யானையும் பகலெல்லாம் உள்காட்டிலேயே நின்றுவிடும்.

ஆரப்பாளையத்தில் தேனி, கம்பம் பஸ் ஏறி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகச் சின்னமனூரில் இறங்க வேண்டும். சொந்த வண்டியில் போகிறவர்கள் பெட்ரோல், பணம், மாத்திரை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், மேலே கிடைக்காது. தென்பழனி சோதனைச் சாவடியைத் தாண்டினால் 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். மாலை 6 மணிக்கு மேல் வண்டியை மேலே விடமாட்டார்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் இது. அதனால் ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் இதே தேனி மாவட்டத்தில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததை மறந்துவிடக் கூடாது. கோடையில் காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், மனிதனால் அந்த வேகத்தில் ஏற முடியாது.

செப்டம்பரில் சாம்பல் வாலாட்டி வந்துவிடும். ஓடை குறுக்கிடும் வளைவுகளில் வாலை ஆட்டிக்கொண்டே ஓடும் மஞ்சள் வயிற்றுக்காரர் அவர்தான். அவர் பின்னாலேயே இமயமலைப் பக்கமிருந்து நீலத்தலைப் பூங்குருவி, வடகிழக்கிலிருந்து பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் என்று ஒவ்வொன்றாக இறங்கும். ஆனால் அக்டோபர், நவம்பரில் அடைமழை. மண் சரிந்து ரோடு அடைபடும், அட்டைக்கடியும் அதிகம். பேண்ட்டைக் காலுறைக்குள் செருகி, உப்பையோ புகையிலைத் தூளையோ துணியில் முடிந்து வைத்துக்கொண்டால் போதும். ஒட்டிய அட்டையைப் பிய்த்து இழுத்தால் புண்ணாகும், உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். முக்கியமாக, பெரிய இருவாச்சிப் பறவைக்கு. பெட்டை ஒரு பெரிய மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் உணவு மிச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். வாரக்கணக்கில் அதற்கும் பிறகு குஞ்சுக்கும் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டுவது ஆண்தான். பறவை கண்ணில் படுமுன்பே சிறகுச் சத்தம் காதில் விழும், நீராவி வண்டி மூச்சு விடுவதுபோல. பொந்து மரம் எதுவென்று தெரிந்தால் அடியில் போய் நிற்காதீர்கள். ஆள் நிற்கும்வரை ஆண் இறங்காது. உள்ளே இருக்கிற உயிர்கள் பட்டினி கிடக்கும். ஒரு போட்டோவுக்காக அதைச் செய்வது பெரும் பாவம். பழுத்து நிற்கும் அத்திமரத்தைத் தூரத்தில் நின்று 8x42 பைனாகுலரில் பாருங்கள், இருவாச்சி தானாக வரும்.

பிப்ரவரி, மார்ச்சில் வெடிப்பலா மரம் பூக்கும். சோலைமந்தியும் (சிங்கவால் குரங்கு) கருமந்தியும் மலை அணிலும் அங்கேதான் கூடும். சோலைமந்தி மரத்தைவிட்டு அதிகம் இறங்காது. பிஸ்கட் போட்டு ரோட்டுக்குப் பழக்கினால் வண்டியில் அடிபட்டுத்தான் சாகும். பழம் தின்னும் வௌவால்களுக்கும் இந்த மலை பேர்போனது. 1948-இல் இங்கே பிடிபட்ட ஒன்றைச் சாதாரண வௌவால் என்றே குறித்து வைத்திருந்தார்கள். அது தனி இனம் என்று 1972-இல்தான் தெரிந்தது; பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் வைத்தார்கள்.

காட்டுமாடுகளை விடிகாலையிலும் சாயங்காலத்திலும் தேயிலைக் காட்டின் ஓரத்தில் பார்க்கலாம். ஹைவேவிஸ் அணைக்கரைக்கு யானை தண்ணீர் குடிக்க வரும். வழியில் எது நின்றாலும் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், பின்னால் போக இடம் விட்டு வண்டியை நிறுத்துங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். நியூட்ரலில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் பாதி வளைவுக்குள் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சூட்டின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.