குன்னூர்க் குளிரும் ஒரு டக்டக் சத்தமும்

கார் பார்க்கப் போன அன்று பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. கோவையில் பழைய கார் விற்கும் ஓர் இடம், 2022 ஏப்ரல் மாத வெயில், மதியம் இரண்டு மணி. "உங்களுக்காக இப்போதுதான் எடுத்து நிறுத்தினோம் மேடம்" என்றார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கணக்கு டீச்சராக இருந்தும் அந்தக் கணக்கு எனக்கு விளங்க எட்டு மாதம் ஆயிற்று.

2011 மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மீட்டரில் 61 ஆயிரம் சொச்சம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஒரு குறையும் இல்லை. குன்னூரில் டிசம்பர் குளிர் இறங்கியதும் காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று ஆரம்பித்தது. மூன்று நான்கு நிமிடம். பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேரும்போது சத்தம் இருக்காது. மாலையில் கிளப்பினாலும் இருக்காது. "பாட்டைப் போட்டுக்கொள், கேட்காது" என்றார் வீட்டுக்காரர்.

ஆயிலை மாற்றிப் பார்த்தேன். கார்ப் புத்தகத்தில் சொன்ன தரத்திலேயே ஊற்றினேன். 2,100 ரூபாய் போனதுதான் மிச்சம்.

பிறகு ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அமுங்குகிறது என்று பார்த்தார்கள். நான்கு சிலிண்டருக்கும் 138, 141, 140, 139 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். புது எஞ்சினில் 175 வர வேண்டுமாம். "சிலிண்டர் போர் (உட்சுவர்) தேய்ந்துவிட்டது, பிஸ்டன் ஆடுகிறது. எஞ்சினை இறக்கிப் போர் வேலை செய்ய 48 ஆயிரம் ஆகும்" என்றார்கள். பிஸ்டன் அலுமினியம் என்பதால் சூட்டில் விரிந்து இடைவெளி அடைபடுகிறது, அதனால்தான் சத்தம் நிற்கிறது என்ற விளக்கமும் கிடைத்தது. அந்த விளக்கத்தில் தவறில்லை. பல கார்களில் நடப்பதுதான். ஆனால் 48 ஆயிரம் என்பது கார் விலையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெலிங்டன் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் வேலை பார்க்கும் பாயிடம் அனுப்பியது எங்கள் பள்ளி வேன் டிரைவர். பாய் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டீச்சர், குன்னூர் எவ்வளவு உயரம்?"

"ஆயிரத்து எண்ணூற்றைம்பது மீட்டர் இருக்கும்."

"புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கு கீழ்நாட்டுக்கு. இங்கே காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே போகிற காற்று குறைந்தால் அமுக்கமும் குறையத்தானே செய்யும்? நான்கும் ஒன்றுபோல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இருக்கிறது."

அன்று இரவு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடல் மட்டத்தில் 175 காட்டும் எஞ்சின் இந்த உயரத்தில் ஏறக்குறைய 140 காட்டும். தாளில் இருந்ததும் அதுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடக்கூடிய கணக்கு. அதை நான் முன்பே போட்டுப் பார்க்காததற்கு வெட்கமாக இருந்தது.

"காரை ராத்திரி இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்தால் சூட்டில் அது என்னிடம் வாயைத் திறக்காது" என்றார் பாய். முதல் ஒர்க்‌ஷாப்பில் என் காரின் சத்தத்தை ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பத்து மணிக்கு நான் ஓட்டிக்கொண்டு போன காரை அவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான். கோவையில் பானெட் சுட்டதன் கணக்கும் அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் ஆறரை மணிக்குப் போனேன். மூச்சு புகையாக வந்தது. என்னைக் கிளப்பச் சொல்லிவிட்டு, ஒன்றரை அடி நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் அழுத்தி, முனையை எஞ்சினில் ஒவ்வொரு இடமாக வைத்தார். மேல்மூடி, பக்கவாட்டு, அடிப்பகுதி. பிறகு என்னிடமும் கொடுத்தார். கிணற்றடியில் யாரோ துவைப்பதுபோல உள்ளே நிறைய இரைச்சல் இருந்தது. ஆனால் அந்த டக்டக் மட்டும் கம்பியின் வழியாகப் பெரிதாகக் கேட்கவில்லை. கம்பியை எடுத்தால் வெறுங்காதில் நன்றாகக் கேட்டது. "பார்த்தீர்களா, இரும்புக்குள் இல்லை, காற்றில் இருக்கிறது" என்றார். பேரிங் தட்டுவதாக இருந்தால் சூடாகி ஆயில் இளகியதும் சத்தம் கூடத்தான் செய்யும், மறையாது என்பதையும் சொன்னார்.

நான் போனில் பதிவு செய்து, வேகத்தைக் கால்பங்காகக் குறைத்து எண்ணினேன். மீட்டர் 1,200 சுற்று காட்டியது. அதாவது நொடிக்கு 20 சுற்று. சத்தம் நொடிக்குப் பத்து. இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு. ஒரு சிலிண்டர் வெடித்துப் புகை தள்ளுவதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். பாய் என் கணக்கைப் பெரிதாக மதிக்கவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு: எஞ்சின் நொண்டியது, சத்தம் அப்படியே. மூன்றைப் பிடுங்கியதும் நின்றது.

எனக்குத் திக்கென்றது. மூன்றாவது பிஸ்டன்தான் என்று முடிவே செய்துவிட்டேன். பாய் அவசரப்படவில்லை. அதற்குள் எஞ்சினும் சூடாகிவிட்டது, சத்தமும் போய்விட்டது. இந்த நோயைப் பார்க்க நாளொன்றுக்கு நான்கு நிமிடம்தான் கிடைக்கும்.

அடுத்த நாள் காலை அவர் கையில் ஓர் ஊதுபத்தி. பெட்ரோல் குழாய் எதிலும் கசிவு இல்லை, வாடையும் இல்லை என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் கொளுத்தினார். (வாடை வரும் காரில் இதைச் செய்யாதீர்கள்.) சிலிண்டர்களிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு, எஞ்சினோடு சேரும் இடத்தில் பத்தியை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். முதல் இரண்டு வாய்களில் புகைநூல் நேராக எழுந்தது. மூன்றாவதில் துடித்தது. டக்கென்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை விலகி விலகி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் விரல் நுனி அளவுக்குக் கரி. மேனிஃபோல்டைப் பிடிக்கும் ஸ்டட் என்ற திருகுத்தண்டு ஒன்று முனை ஒடிந்து கிடந்தது. குளிரில் அந்த மூலை விலகிப் புகை அடிக்கிறது. சூட்டில் இரும்பு விரிந்து தானாக மூடிக்கொள்கிறது.

ஸ்டட்டும் கேஸ்கெட்டும் லேத் கூலியும் சேர்த்து 1,350 ரூபாய்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டியது. ஒடிந்த ஸ்டட்டை எடுக்க லேத் ஆள் வரும்வரை சும்மா நின்றுகொண்டிருந்த பாய், "டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?" என்றார். பிஸ்டனை ஓட்டும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் தாளம் தப்பாமல் இணைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினோம். கடைசிப் பதிவு 2016, 41 ஆயிரம் கிலோமீட்டர். பெல்ட் பற்றி ஒரு வரியும் இல்லை. மேல் கவரின் போல்ட்டுகளைக் கழற்றி எட்டிப் பார்த்தார், பேச்சு நின்றுவிட்டது.

பெல்ட் சத்தமே போடவில்லை. செயினாக இருந்தால் தளர்ந்ததும் கலகலக்கும். ரப்பருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பாய் நீண்ட பகுதியை இரு விரலால் பிடித்துத் திருகினார்; கால் வட்டத்தைத் தாண்டித் தாராளமாகத் திரும்பியது. ஓர் ஓரம் பழைய கோரைப்பாயின் விளிம்புபோல நூல் நூலாகப் பிரிந்திருந்தது. கேம் ஷாஃப்ட் சீல் கசிந்து அடிப்பகுதி முழுக்க ஆயில். கழற்றிய பிறகு வெளிப்புறமாக மடித்துக் காட்டினார்: ஒவ்வொரு பல்லின் அடியிலும் மெல்லிய கோடு, வறண்ட குளத்துச் சேறுபோல. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளையை விரலால் சுற்றினால் கரகரத்தது.

வெள்ளிதோறும் அம்மாவைப் பார்க்க மேட்டுப்பாளையம் இறங்குகிறேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. அறுந்திருந்தால் ஸ்டீயரிங் கனத்திருக்கும். எஞ்சின் அணைந்த பின், பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். திறந்திருக்கும் வால்வில் பிஸ்டன் மோதி அந்த 48 ஆயிரம் வேலை நிஜமாகவே வந்திருக்கும்.

பெல்ட், டென்ஷனர், சீல், கூலி எல்லாம் சேர்த்து 6,400. புது பெல்ட்டை மாட்டி, கேம் பல்சக்கரக் குறியையும் கிராங்க் குறியையும் நேர்ப்படுத்தியபின், ராட்செட்டை என் கையில் கொடுத்து எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொன்னார். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒன்று. இரண்டு குறியும் பழைய இடத்துக்கே வர வேண்டும். இடையில் எங்காவது முட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்திவிட வேண்டும். முட்டவில்லை. வந்து நின்றன.

பானெட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 64,210 என்று எழுதினார். போதுமா என்றேன். பேனாவை என்னிடம் நீட்டி, தேதியையும் எழுதச் சொன்னார். "ரப்பர் நிற்கும்போதும் வயதாகும் டீச்சர். உங்கள் கார் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம்."