நல்ல கண் என்று நம்பியிருந்தது

போன ஆடியில் ஒரு காலை, தினசரி காலண்டரில் தேதியின் கீழ்ப்பாதியைக் காணோம். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் மட்டும் கீழே புகைமூட்டம். வலியே இல்லை. கண்ணாடிக் கடையில் பவர் மாறியிருக்கும் என்றார்கள். அதை நம்பிப் பத்து நாளை வீணாக்கினேன்.

பிறகு மதுரையில் ஒரு கண் மருத்துவமனை. சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரவைத்து, அப்புறம்தான் டாக்டர் பார்த்தார். "வலது கண்ணுல ஒரு சிரை அடைச்சிருக்கு. பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" நான் தரையைப் பார்த்தேன்.

விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறைதானாம். பிரஷரால் தடித்துப்போன தமனி, பக்கத்துச் சிரையை நசுக்கிவிடுகிறது. திரும்பிப் போக வழியில்லாத ரத்தம் கசிந்து தேங்குகிறது. கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால், மேலே அடைத்தால் கீழே மறைகிறது.

அடுத்து ஆஞ்சியோ, அதாவது கண்ணின் ரத்தக்குழாய்களைச் சாயம் ஏற்றிப் படமெடுப்பது. கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றினார்கள். பத்துப் பதினைந்து நொடியில் கண்ணுக்கு வந்துவிடுகிறது. லேசாகக் குமட்டியது. மறுநாள் வரை சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தில், வலது கண்ணில் ரத்தம் சிந்திய இடமெல்லாம் இருட்டு. அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். தூக்கிவாரிப் போட்டது இடது கண்தான். கோடு இழுக்கும் முன் வைத்த கோலப்புள்ளிகள் போல வெள்ளை வெள்ளையாக மின்னின. நுண்குழாய்களின் சுவர் பலவீனமாகிப் புடைத்த மொட்டுகள் அவை; பதினான்கு வருட சுகரின் வேலை. ஓரத்தில் ஒரு இடத்தில் சாயம் பொங்கி வழிந்திருந்தது. அங்கே புதுக் குழாய் முளைத்திருக்கிறது என்றார். அந்தக் கண்ணால்தான் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்!

வலது கண்ணுக்கு மாதம் ஒன்றாக மூன்று ஊசி. குடல் புற்றுநோய்க்கென்று வந்த அவாஸ்டின்தான், கண்ணுக்கு 0.05 மில்லி போதும். மரத்துப்போக சொட்டு, எரியும் பீட்டாடின், இமை மூடாமலிருக்க ஒரு கிளிப். "மேலே பாருங்க" என்றார்கள். ஒரு அழுத்தம், அவ்வளவுதான். உண்மையில் கிளிப்தான் தொந்தரவு. அன்று சாயங்காலம் வரை கறுப்புக் குமிழி ஒன்று பார்வையில் உருண்டுகொண்டிருந்தது.

இடது கண்ணுக்கு லேசர், மூன்று தடவை. ஊசியைவிட அதுதான் வலித்தது, பின்மண்டை வரை.

ஏழு மாதம் கழித்து எடுத்த படத்தில், வலது கண்ணில் ரத்தம் வற்றி, அடைத்த இடத்தருகே சுருள் சுருளாகச் சில குழாய்கள். அதையும் லேசரால் சுடணுமா என்று கேட்டேன். "வேண்டாங்க. அடைச்ச தெருவைச் சுத்திக்கிட்டுப் போற சந்து மாதிரி இது. ஏற்கெனவே இருந்த நுண்குழாய்தான் பெருத்திருக்கு, கசியாது. இடதுல முளைச்சது அப்படியில்ல. ரத்தம் கிடைக்காத விழித்திரை கேட்டு வளர்த்தது, தொட்டா உடையும்" என்றார்.

வலது கண்ணில் தேதி இப்போது முழுசாகத் தெரிகிறது. 1 மட்டும் இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. நாலாவது ஊசி வேண்டுமா என்பதைச் சித்திரையில் ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம்.