மூணாவது முடிச்சு யார் போடுறாங்க?

2024 நவம்பர் 17, ஞாயிறு

என் கல்யாண முகூர்த்தம் பிப்ரவரி 10 என்று முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை, காலை 6 முதல் 7.30 வரை. அதற்கு மேல் ராகுகாலம். மண்டபம் திருச்சி ஏர்போர்ட் பக்கம். போட்டோக்காரரைப் பிடிக்கும் வேலை என் தலையில். அக்கா கல்யாணத்தில் பட்டது போதும். ஆல்பம் கைக்கு வரப் பதினோரு மாதம். தாலி கட்டும் படத்தில் யாரோ ஒரு பெரியப்பாவின் முதுகு. அம்மா மொத்தமே நாலு படத்தில்தான், அதில் ஒன்றில் தாம்பாளம் பாதி முகத்தை மறைத்திருக்கும்.

நவம்பர் 24, ஞாயிறு

உறையூரில் ஒரு அண்ணாவைப் பார்த்தோம். பேக்கேஜ் பற்றி ஆரம்பிப்பார் என்று நினைத்தால், முதல் கேள்வியே, “மூணாவது முடிச்சு யார் போடுறாங்க?” மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை இல்லை, அவருடைய சித்தப்பா மகள்தான் நாத்தனார் முறை. அவள் எந்தப் பக்கமிருந்து குனிவாள், என் ஜடையைத் தூக்கிப் பிடிப்பது யார், விளக்கு யார் கையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

“மூணு முடிச்சுக்கு அரை நிமிஷம்கூட ஆகாதும்மா. கெட்டிமேளம் சத்தம் வந்ததும் எல்லாரும் எழுந்து அட்சதை போடுவாங்க. அப்போ போய் இடம் தேட முடியாது.”

மாலையை மெல்லிசாகக் கட்டச் சொல்லுங்கள் என்றார். கனமான ரோஜா மாலை போட்டால் தாலியும் தெரியாது, கழுத்தும் தெரியாதாம். ஆசையாக ட்ரோன் கேட்டேன். ஏர்போர்ட் பக்கத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். காசு மிச்சம்.

டிசம்பர் 8, ஞாயிறு

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. 12×36 இன்ச் ஆல்பம், 40 ஷீட். தாமதமாவது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் படம் தேர்ந்து கொடுக்காததால்தான் என்கிறார். யோசித்தால், அக்காவின் பென்டிரைவ் ஆறு மாதம் எங்கள் பீரோவில்தான் கிடந்தது. சரி, அந்தப் பழி பாதி எங்களுக்கு.

முக்கொம்பில் ப்ரீ வெட்டிங் ஷூட் என்ற பேச்சை அப்பாயி எடுத்த எடுப்பிலேயே வெட்டிவிட்டாள். “தாலி ஏறாம தோள்ல கை போட்டு என்னடி படம்?” எனக்கும் கவுனைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓட ஆசையில்லை, அது வேறு விஷயம்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

அண்ணாவோடு மண்டபம் பார்க்கப் போனோம். மேடை லைட் எல்லாவற்றையும் போடச் சொல்லி, என்னை நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். ஊதா பார் லைட்டில் என் முகம் கத்தரிக்காய் நிறம். மேலே மஞ்சள் பல்பு, ஓரத்தில் வெள்ளை டியூப், ஆளுக்கொரு நிறம். “இதை அப்புறம் கம்ப்யூட்டர்ல சரிபண்ண முடியாதா?” என்றேன். “முகத்தைச் சரிபண்ணினா புடவை நிறம் மாறிடும்மா.” அரக்குக் கூறைப்புடவை ஆல்பத்தில் வேறு நிறத்தில் வந்தால் அம்மா என்னைக் கொன்றுவிடுவாள். பிப்ரவரியில் ஆறு மணிக்கு வெளியே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும், ஜன்னல் வெளிச்சத்தையும் நம்ப முடியாது. கடைசியில் டெக்கரேஷன்காரரிடம் பேசி, கலர் லைட் எல்லாம் முதல் நாள் ரிசப்ஷனுக்கு மட்டும், காலையில் வெள்ளை மட்டும் என்று முடிவு. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

புது வம்பு. மாப்பிள்ளை வீட்டிலும் தனியாக ஒரு செட் ஆட்கள் வருகிறார்களாம். மேடையில் ஐயர், ஓமகுண்டம், இரண்டு வீட்டுப் பெரியவர்கள், அப்புறம் எட்டு கேமராவா? அண்ணாவே அவர்களுக்குப் போன் போட்டுப் பேசினார். தாலி கட்டும்போது ஆளுக்கு ஒரு போட்டோ, ஒரு வீடியோ மட்டும் மேலே, மற்றவர்கள் கீழே. ஓமப்புகை எந்தப் பக்கம் போகும் என்று அங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

பெரியப்பாக்களின் முதுகுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. சித்தப்பா பையன் சொந்தக்காரர்களை அடையாளம் காட்ட அண்ணாவோடு சுற்றுவான், அவனிடமே அதையும் ஒப்படைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு இரவு

ரிசப்ஷன் முடிந்தது. சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது. நாளைக் காலை எடுக்க வேண்டிய லிஸ்டில் முதல் படம் அம்மா, 4.45 மணி, பந்தி வேலை தொடங்குவதற்கு முன்னால். சொன்னதற்கு, “எனக்கு எதுக்குடி? பால்காரன் வர்ற நேரம்” என்றாள்.

இப்போது ரூமுக்கு வந்து பார்த்தால், அவளுடைய பச்சைப் பட்டு மடிப்பு வைத்து ஊக்குக் குத்தி ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. என் புடவை இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அலாரம் 3.30.