அடைக்கோழியும் அசோலாத் தொட்டியும்

இன்று அதிகாலையில் கட்டுத்தரையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, மூலையில் கூடைக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த கருங்கோழியின் அடியிலிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. எண்ணிப் பார்த்தால் சரியாக 21ஆம் நாள். ஒரு வாரத்துக்கு மேல் பழையதாகாத முட்டைகளாகத் தேர்ந்து, தவிடும் வைக்கோலும் பரப்பி 11 முட்டைகளை அடை வைத்திருந்தோம். ஏழாம் நாள் இரவு அம்மாயி சொல்லித் தந்தபடி கைவிளக்கின் முன் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, சிலந்திவலை போலச் செந்நிற நரம்புகள் ஓடாத இரண்டைக் கூமுட்டை என்று எடுத்துவிட்டோம். மீதி ஒன்பதில் எட்டு பொரித்துவிட்டன. கடைசி முட்டையின் ஓட்டில் விரிசல் விழுந்திருக்கிறது. உடைத்து உதவக் கை துடித்தாலும், குஞ்சு தானாக வெளிவருவதே நல்லது என்பதால் காத்திருக்கிறேன்.

தென்னை நிழலில் தார்ப்பாய் விரித்துச் சலித்த மண்ணும் சாணக் கரைசலும் இட்டு அமைத்த தொட்டியை, கால்நடைத் தீவனமாகும் மிதக்கும் நீர்ச்செடியான அசோலாவும் இரண்டு வாரத்தில் பச்சைக் கம்பளமாக மூடிவிட்டது. முதல் அறுவடையைச் சாண வாடை போகும்வரை மூன்று முறை அலசித் தவிட்டோடு கலந்து வைத்தபோது, வெள்ளாடுகள் முகர்ந்துவிட்டு விலகின. காங்கேயம் பசுவோ ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. நாளை பருந்துக்கு அஞ்சிப் குஞ்சுகளை மூடிவைக்கும் பஞ்சாரக் கூடையைச் சீர்செய்ய வேண்டும்.