ஹெண்டர்சன் எழுதிய ஸ்விங்

இன்றைக்கு முழுக்க பென்னி குட்மேனின் கிளாரினெட்தான் வீட்டில். ஸ்விங் என்ற, ஆடவைக்கும் ஜாஸ் இசையை வாசித்த அமெரிக்கக் கலைஞர் அவர். 1934 டிசம்பரில் என்பிசி வானொலி தொடங்கிய சனிக்கிழமை நடன நிகழ்ச்சியில் மூன்று குழுக்கள் மாறி மாறி வாசித்தன. குட்மேனின் முறை வரும்போது நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டிவிடும். ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் மணி மூன்று மணி நேரம் பின்னால். இளசுகள் விழித்திருந்து கேட்டார்கள். அதனால்தான் 1935 ஆகஸ்ட் 21 அன்று, டென்வரில் வரவேற்பில்லாமல் துவண்டு வந்த குட்மேன் குழுவை லாஸ் ஏஞ்சலஸின் பாலோமார் நடன அரங்கம் அப்படிக் கொண்டாடியது.

அன்று கூட்டத்தை எழுப்பிய இசைக்கோர்வைகள் பிளெட்சர் ஹெண்டர்சன் எழுதிக் கொடுத்தவை. ட்ரம்பெட்டுகள் கேட்க, சாக்ஸபோன்கள் பதில் சொல்லும், என்ன அழகு! சொந்தக் குழு நொடித்த காலத்தில் அந்தக் கறுப்பினக் கலைஞர் எழுதியவை. 'ஸ்விங் மன்னர்' பட்டம் குட்மேனுக்குப் போனது. ஹெண்டர்சனின் பெயரை இங்கே ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.