மிளகாய்த் தொட்டிகளில் வெள்ளை ஈ: கிரைசோபெர்லா விட்டுப் பார்த்ததன் குறிப்புகள்

செடியை ஆட்டினால் குபீரென்று பறக்கிறதே, அந்த வெள்ளை ஈக் கூட்டத்தைக் கிரைசோபெர்லா என்ற பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு பிடிக்காது. அது குத்தி உறிஞ்சுவது இலையடியில் ஒட்டிக்கிடக்கும் ஈ முட்டையையும் குஞ்சையும்தான். ஆகவே பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஈ மொய்த்துக் கிடந்தால் புழுவால் சமாளிக்க முடியாது. முதலில் லிட்டருக்கு 5 மில்லி சோப்புக் கரைசலை இலையடி நனைய அடித்துக் கூட்டத்தைக் குறைத்தோம். சோப்பு ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும். காய்ந்தபின் புழுவை விடலாம். பைரித்ராய்டு வகை ரசாயனப் பூச்சிக்கொல்லி அடித்த செடி என்றால் பல வாரம் பொறுக்க வேண்டும். கறுத்த குஞ்சுகள் தெரிந்தால் அந்த இலையைக் கிள்ளாதீர்கள். உள்ளே என்கார்சியா என்ற, ஈக் குஞ்சுக்குள் முட்டையிடும் சின்னக் குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம்.

எறும்பை மறந்தால் எல்லாம் வீண். வெள்ளை ஈ கழிக்கும் இனிப்புக்காக அது காவல் நின்று புழுவை விரட்டும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, கிளை சுவரில் படாமல் பார்த்துக்கொண்டோம்.

கிரைசோபெர்லா முட்டை பச்சையாக இருக்கும். சாம்பல் நிறமானால் பொரியப்போகிறது. அன்று மாலையே விட்டுவிட வேண்டும். டப்பாவிலேயே பொரிந்தால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். செடிக்கு ஐந்து முதல் பத்து வரை, இலை இலையாகப் பிரித்து வைத்தோம். வெப்பமான நாளில் புழு பத்து நாளில் கூடு கட்டிவிடும். ஈயோ முட்டையிலிருந்து பறக்க மூன்று வாரம்போல் எடுக்கும். ஒருமுறை விட்டால் போதாது என்பது இதனால்தான். வாரம் ஒன்றாக மூன்று தவணை தேவை. முதிர்ந்த கிரைசோபெர்லாப் பூச்சிக்குத் தேனும் மகரந்தமும் போதும், அது பறந்து போய்விடும்.

பலன் தெரிவது ஈக் குஞ்சுகளின் வெற்றுத் தோல்களில். முதுகில் T வடிவில் பிளந்திருந்தால் ஈ வெளியேறிவிட்டது. வட்ட ஓட்டை என்றால் குளவி வந்துபோயிருக்கிறது. பிளவோ ஓட்டையோ இல்லாமல், சாறு வற்றிச் சப்பையாகக் கிடந்தால் நம் புழுவின் வேலை. சப்பை கூடி, T பிளவு குறைந்தால் சரியான போக்கு. பறக்கும் ஈ குறைவது அதற்குப் பிறகுதான்.

தக்காளியில் இதே பலனை எதிர்பார்க்காதீர்கள். தண்டிலும் இலையிலும் உள்ள பிசுபிசுப்பான மயிரில் சின்னப் புழு மாட்டிக்கொள்ளும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பதானால் கணக்குப் பார்க்க ஒன்று போதும். அதில் குளவியும் ஒட்டும்.

ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி ஏற்கெனவே ஏறிய செடியைப் புழு காப்பாற்றாது. அதைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துத் தொட்டிகளுக்குப் புழுவைக் கொடுங்கள்.